நியூ அடல்ட் காதல் நாவல்களில் நம்மைப் போன்ற மனிதர்களைத் தேடுவது

கேள்வி: கொஞ்ச காலமாக நியூ அடல்ட் காதல் நாவல்களை, அதாவது பள்ளி வயதைத் தாண்டி இருபதுகளில் நிற்பவர்களின் காதல் கதைகளை, விரும்பிப் படிக்கிறேன். சில நாவல்களைப் படித்துவிட்டு விடிய விடிய அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கதாநாயகியின் பெயர்கூட நினைவுக்கு வருவதில்லை. வேறு சிலவற்றைப் படித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அந்த இருவரோ இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. ‘பாத்திரங்கள் அப்படியே நம்மைப் போல இருப்பார்கள்’ என்று சொல்லித்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். பணக்கார விளையாட்டு வீரனும் ஊரே திரும்பிப் பார்க்கும் அழகியும் வரும் கதையில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல நாவலை எப்படி அடையாளம் காண்பது? எப்படிப் படிப்பது? முடிவை முதலிலேயே பார்த்துவிட்டுப் படித்தால் தப்பா?

பதில்:

கண்ணீரை வைத்து நாவலை எடை போடாதீர்கள். கதையில் ஒரு தாயைச் சாகவிட்டால் வாசகர் அழுவார். அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. இந்த வகை நாவல்களைப் பல காலமாகப் படித்தும் பிறருக்குப் பரிந்துரைத்தும் வருகிற எனக்கு உதவும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பாத்திரம் பயந்துபோயிருக்கும் நேரத்தில் என்ன செய்கிறது? பொய் சொல்கிறதா, சிரித்து மழுப்புகிறதா, கோபப்படுகிறதா, போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறதா? அந்த இடத்தில் எழுத்தாளர் உண்மையாக இருந்தால் அந்தப் பாத்திரம் உங்களுக்கு உறவாகிவிடும். அவனிடம் எத்தனை கார் இருந்தாலும் சரி, அவள் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் சரி.

இந்த வகை எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது தேர்வுக்கு உதவும். ‘நியூ அடல்ட்’ என்ற பெயர் பதிப்புலகில் பரவலானது 2009-ல் அமெரிக்காவின் செயின்ட் மார்ட்டின்ஸ் பிரஸ் நடத்திய ஒரு போட்டிக்குப் பிறகுதான். இளையோர் நாவலின் வேகமும் நெருக்கமும் இருக்க வேண்டும், ஆனால் பெரியவர்களுக்கான நூலாக வெளியிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று அந்தப் பதிப்பகம் எழுத்தாளர்களிடம் கேட்டது. பெரிய பதிப்பகங்கள் உடனே இதில் இறங்கிவிடவில்லை. இருபது வயதுக்காரர்களின் கதையை யார் வாங்குவார்கள், கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்ற தயக்கம் இருந்தது. 2011, 2012 ஆண்டுகளில் எழுத்தாளர்கள் தாங்களே மின்நூலாக வெளியிட்ட சில காதல் நாவல்கள் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறிய பிறகே பதிப்பகங்கள் அவர்களைத் தேடிப் போயின. வாசகர்கள் கேட்டு வாங்கி வளர்த்த வகை இது. இதன் பலம், பலவீனம் இரண்டுக்கும் அதுவே காரணம். வாசகருக்கு எது பிடிக்கும் என்பது இந்த எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஆசையும் அதனாலேயே வருகிறது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? உளவியல் அறிஞர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ல் ‘அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில் 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். ‘நீங்கள் பெரியவராகிவிட்டதாக நினைக்கிறீர்களா?’ என்று இந்த வயதினரைக் கேட்டால், பலரும் ‘சிலவற்றில் ஆம், சிலவற்றில் இல்லை’ என்றே சொல்கிறார்கள். பெரியவராவதற்கு எது அடையாளம் என்று கேட்டால் திருமணத்தையோ படிப்பு முடிவதையோ அவர்கள் முன்னால் வைப்பதில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானே முடிவெடுப்பது, சொந்தப் பணத்தில் நிற்பது என்ற மூன்றையும்தான் முன்னால் வைக்கிறார்கள்.

நல்ல நியூ அடல்ட் நாவல் எதை எடுத்துப் பார்த்தாலும் காதலுக்கு அடியில் இந்த மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். பெற்றோர் சொன்ன படிப்பை விடுவதா, கிடைத்த வேலைக்காக ஊர் மாறுவதா, வாடகையில் யார் எவ்வளவு போடுவது, தம்பியின் படிப்புச் செலவை யார் பார்ப்பது. இத்தனை முடிவுகளும் வரிசையில் நிற்கும்போது ஒருவர்மேல் காதலும் வந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயதுக் காதலர்களுக்கு முன்பே விழுந்து எழுந்த அனுபவம் இருக்கிறது. பதினாறு வயதுக் காதலர்களுக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழி திறந்திருக்கிறது. இருபத்திரண்டு வயதில் இரண்டும் இல்லை. தவறினால் தாங்கிப் பிடிக்க யாருமில்லை, தவறுவது எப்படி இருக்கும் என்றும் தெரியாது. இந்த நாவல்களின் உணர்ச்சி வேகம் இங்கிருந்துதான் வருகிறது. வேலை, பணம், குடும்பம் எதுவுமே குறுக்கிடாமல் இருவரும் முந்நூறு பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும் நாவல் எனக்குச் சலித்துவிடுகிறது. முத்தங்கள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் சரி.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ‘நம்மைப் போல’ என்றால் என்ன?

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. அகப்பாட்டில் தலைவன், தலைவி யாரையும் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’. இன்னார் காதல் என்று சொல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்தப் பாட்டுக்குள் நுழைந்துகொள்ளலாம். நாவல் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. பெயர், ஊர், படிப்பு, கடன், பழைய காதல், அப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோன வருடம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இத்தனை விவரம் சொன்ன பிறகும் வாசகர் உள்ளே நுழைய வேண்டுமென்றால், அந்த விவரங்களுக்கு நடுவில் ஒரு வாசல் இருந்தாக வேண்டும். பாத்திரத்தின் அச்சம்தான் அந்த வாசல் என்பது என் கருத்து. சூழ்நிலை ஆளுக்கு ஆள் வேறு. ‘நான் போதாதவள் என்று இவனுக்குத் தெரிந்துவிடுமோ’ என்ற பயத்துக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவரும் கல்லூரிக் கடைசி வருடம். ஒரே நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார்கள். அவளுக்கு மதியமே மறுப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. மாலையில் அவன் மூச்சிரைக்க வந்து, தான் தேர்வாகிவிட்டதாகச் சொல்கிறான்.

மோசமான நாவல் இந்த இடத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அவள் இதயம் ஆயிரம் துண்டுகளாக நொறுங்கும். கண்ணீர் அருவியாகக் கொட்டும். அவன் அவளை இழுத்து அணைத்து, ‘நீ இல்லாமல் எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்பான். அத்தியாயம் முடிந்துவிடும்.

நல்ல நாவலில் அவள் சிரிக்கிறாள். ‘எனக்குத் தெரியும், உனக்குக் கிடைக்கும் என்று’ என்கிறாள். குரல் கொஞ்சம் உயர்ந்து ஒலிக்கிறது. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போகிறாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, நெடுநேரம் கேட்கிறது. திரும்பி வரும்போது அவள் கைகள் காய்ந்திருக்கின்றன. அவன் அந்தக் கைகளைப் பார்க்கிறான். எதுவும் கேட்கவில்லை. வாழ்த்துச் சொல்ல வரும் அழைப்புகளால் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருக்கும் போனை எடுத்து, சத்தத்தை அணைத்து, குப்புற வைக்கிறான். ‘சாப்பிட்டாயா?’ என்கிறான்.

இதில் யாரும் அழவில்லை. வாசகருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட முடியாமல் போனதற்காக அவள் தன்மீதே கொள்ளும் வெட்கம் நமக்குத் தெரிந்த வெட்கம். நண்பரின் நல்ல செய்தியைக் கேட்டு ஒரு நொடி உள்ளே ஏதோ சுருங்கி, அடுத்த நொடியே அதற்காகக் கூசிப்போன அனுபவம் இல்லாதவர் யார்? அவன் பக்கமும் அப்படித்தான். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அவன் சொல்லவில்லை. கவனித்தான், அவ்வளவுதான். காதல் நாவலில் நான் தேடுவது இந்தக் கவனிப்பைத்தான். காதலிப்பவர் மற்றவரின் எந்தச் சிறிய விஷயத்தைக் கவனிக்கிறார் என்று எழுத்தாளருக்குச் சொல்லத் தெரிந்தால் ‘அவன் அவளை உயிருக்குயிராக நேசித்தான்’ என்ற வாக்கியம் அந்த நாவலுக்குத் தேவைப்படாது.

பணக்கார விளையாட்டு வீரன் விஷயத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். காயம்பட்டால் தான் யாருமே இல்லை என்று பயப்படுகிற வீரனாக அவன் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் அந்தக் கதையில் இருக்கிறீர்கள். ஒரே வேலையில், ஒரே திறமையில் தன் மதிப்பு முழுவதையும் வைத்துவிட்டவர் எவரும் அவனைப் புரிந்துகொள்வார்கள். அவன் உயரமும் தோள்களும் மட்டுமே எழுதப்பட்டிருந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

அழுகைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உங்களைக் குழப்புவது அதுதான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் சிறுமைப்படுவது இளிவு. உறவையோ இன்பத்தையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொருவராகிப் போய் வருந்துவது அசைவு. வேண்டியதை அடைய முடியாமல் ஏங்கிக் கிடப்பது வறுமை. இந்த வகை நாவல்களைப் படிக்கும்போது இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலான எழுத்தாளர்கள் இழவு ஒன்றையே நம்பியிருக்கிறார்கள். விபத்து, புற்றுநோய், இறந்துபோன அண்ணன், கருச்சிதைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மரணம் வந்தால் நாம் அழுவோம், அது மனித இயல்பு. அந்தக் கண்ணீர் மரணத்துக்கானது. குறிப்பிட்ட அந்தப் பாத்திரத்துக்கு அதில் பங்கு குறைவு. அதனால்தான் ஒரு வாரத்தில் பெயர் மறந்துபோகிறது.

இருபதுகளின் உண்மையான துயரங்கள் மற்ற மூன்றில்தான் அதிகம். காதலன் வீட்டு விருந்தில் தன் உச்சரிப்பைக் கேட்டு யாரோ புன்னகைப்பதைப் பார்த்துவிடும் பெண்ணுக்கு நேர்வது இளிவு. பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்தவள் கல்லூரியில் எல்லோரையும்போல ஒருத்தியாகிவிடும்போது நேர்வது அசைவு. நெருங்கிய தோழனை ஐந்து வருடமாக மனத்துக்குள் வைத்துக்கொண்டு அவனுடைய காதலிக்குப் பிறந்தநாள் பரிசு தேர்ந்தெடுக்க உதவுபவளின் நிலை வறுமை. இவற்றை எழுதுவது கடினம், ஏனென்றால் பாத்திரம் யாரென்று முதலில் நிறுவியாக வேண்டும். அப்படி எழுதப்பட்டவற்றில் அழுகை வராமல்கூடப் போகலாம், பாத்திரம் மட்டும் தங்கிவிடும். உங்கள் மனத்தை விட்டுப் போகாத அந்த இருவரையும் இப்போது நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய துயரம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அழுதுகொண்டே படிக்கும்போது குறைகள் ஏன் தெரிவதில்லை என்பதற்கும் ஆய்வு உண்டு. மெலனி கிரீன், டிமொதி பிராக் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் ஆழ்ந்து போனவர்கள் அதில் பொருந்தாத இடங்களைக் குறைவாகவே கண்டார்கள், முக்கியப் பாத்திரத்தையும் அப்படி ஆழாத வாசகர்களைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். அப்படி ஆழ்ந்துபோவதில் தவறேதும் இல்லை. அதற்காகத்தானே நாவலைக் கையில் எடுக்கிறோம்? படிக்கும்போது தடுப்புப் போட்டுக்கொண்டு படிக்காதீர்கள், முழுசாக மூழ்குங்கள். மதிப்பீட்டை மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். அதன்பிறகு ஒரு காட்சியாவது தானாக நினைவுக்கு வருகிறதா, யார் என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சண்டைகள். காதல் நாவலின் கட்டுமானத்தை ஆராய்ந்த பமீலா ரெஜிஸ் 2003-ல் வெளியான தன் நூலில் எட்டு இன்றியமையாத கூறுகளைப் பட்டியலிடுகிறார். சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்வது போன்றவற்றோடு, இனி இருவரும் சேரவே முடியாது என்று தோன்றும் ஒரு கட்டத்தையும் அவர் அதில் வைக்கிறார். நியூ அடல்ட் நாவல்களில் அது பெரும்பாலும் முக்கால் பங்கு முடிந்த இடத்தில் வரும். நாவலின் தரத்தை அறிய மிகச் சிறந்த இடம் அதுவே. அந்தப் பிரிவு எதனால் வருகிறது? பாதி கேட்ட ஒரு தொலைபேசிப் பேச்சு, தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு புகைப்படம் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் காரணமாக இருந்தால் எழுத்தாளர் பக்கத்தை நிரப்புகிறார் என்று பொருள். முதல் அத்தியாயத்தில் காட்டிய அதே அச்சம் இப்போது முழு உருவெடுத்து வந்து இருவரையும் பிரித்தால் அது உண்மையான பிரிவு. அப்பா விட்டுவிட்டுப் போன வீட்டில் வளர்ந்தவன், அவள் வெளிநாட்டு வாய்ப்பைப் பற்றி யோசிக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் போவதற்கு முன்பே தான் விலகிவிடுகிறான் என்றால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அவன் வேறு எப்படியும் நடந்துகொண்டிருக்க முடியாது என்றும் தெரியும்.

ஊடல் உப்பைப் போன்றது, சிறிது மிகுந்தாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் சொல்லியிருப்பது இந்த நாவல்களுக்கு அப்படியே பொருந்தும். சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று நான்கு சுற்றுப் போகும் நாவலில் நான்காவது சண்டை வரும்போது நமக்கு அக்கறையே இருப்பதில்லை. அவன் ஓர் அத்தியாயம், அவள் ஓர் அத்தியாயம் என்று தன்மைக் கூற்றில் மாற்றி மாற்றி எழுதும் முறை இங்கே பெரிய வசதி. இருவர் மனத்திலும் இருப்பது நமக்குத் தெரியும், ஒருவருக்கொருவர் தெரியாது. அந்த இடைவெளியே தவிப்பைக் கொடுத்துவிடுவதால் செயற்கையான சண்டை தேவைப்படாது. ஒரு சின்னச் சோதனையும் உண்டு: அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை மறைத்துவிட்டு நடுவிலிருந்து ஒரு பத்தியைப் படியுங்கள். பேசுவது அவனா அவளா என்று தெரியவில்லையென்றால் எழுத்தாளர் ஒரே குரலை இரண்டு பெயரில் எழுதியிருக்கிறார்.

பொறாமையைப் பற்றி நான் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். இந்த வகையின் ஆரம்ப வெற்றிகளில் பலவற்றிலும், இன்று விற்கும் பலவற்றிலும்கூட, நாயகன் அவள் போனைப் பார்க்கிறான், அவளிடம் பேசியவனை அடிக்கிறான், அவள் எங்கே போகிறாள் என்று கேட்காமலே பின்தொடர்கிறான். அத்தனையும் காதலின் ஆழத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இருட்டான பாத்திரங்களை எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தவறான உறவில் சிக்கி அதிலிருந்து வெளியேறும் பெண்ணின் கதை எழுதப்பட்டே ஆக வேண்டும். நாவல் அந்த நடத்தையை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் முதல் இடத்துக்குப் போங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை, ‘இன்று நான் தனியாக இருக்க விரும்புகிறேன்’ என்பதாக இருக்கலாம். அவன் அப்போது என்ன செய்கிறான்? திரும்பிப் போகிறானா, அல்லது அவள் மனம் மாறும்வரை கதவருகே நிற்கிறானா? நின்றால், நாவல் அதை இனிமையாகக் காட்டுகிறதா, அவள் சங்கடத்தையும் காட்டுகிறதா? இந்த ஒரு காட்சி மீதி நாவலைச் சொல்லிவிடும். இருபது வயதில் படிக்கும் காதல் கதைகள் நம் எதிர்பார்ப்புகளைச் சத்தமில்லாமல் வடிவமைக்கின்றன என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இதன் இன்னொரு முகம், காதல் வந்ததும் காயமெல்லாம் ஆறிவிடும் கதை. சிறு வயதில் வன்முறைக்கு ஆளானவள், தற்கொலை எண்ணத்தோடு போராடுபவன், போதையிலிருந்து மீள முயல்பவன் என்று இந்த நாவல்களில் கனமான பின்னணிகள் சாதாரணம். காதலியின் அணைப்பு ஒன்றே மருந்தாகிவிட்டால் அந்தக் காயம் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டது என்று அர்த்தம். நேர்மையான எழுத்தாளர் சிகிச்சையை எழுதுவார், பின்னடைவை எழுதுவார், காதலி களைத்துப்போவதை எழுதுவார், காதல் இருந்தும் ஒரு நாள் அவன் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதை எழுதுவார். பல நாவல்களில் இப்போது முதல் பக்கங்களிலேயோ எழுத்தாளரின் இணையதளத்திலேயோ இத்தகைய உள்ளடக்கம் பற்றிய எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறது. உங்களுக்கோ உங்களுக்கு நெருங்கியவருக்கோ அப்படியொரு காயம் இருந்தால் அதைத் தயங்காமல் முதலில் படியுங்கள். கதையின் சுவாரசியம் அதனால் குறைந்துவிடாது.

உடலுறவுக் காட்சிகளைப் பற்றி: இந்த வகையில் அவை பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். இளையோர் நாவல் என்று நினைத்துப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்துவிடக் கூடாது. உங்களுக்கு அவை பிடிக்கவில்லையென்றால் தாண்டிப் போகலாம். ஆனால் நன்றாக எழுதும் எழுத்தாளர்கள் அந்தக் காட்சிகளில் பாத்திரத்தைத்தான் வளர்க்கிறார்கள். யார் முதலில் பேச்சை நிறுத்துகிறார், யார் விளக்கை அணைக்கச் சொல்கிறார், அதன்பிறகு என்ன பேசுகிறார்கள் என்பதில் கதை நகர்ந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கும் வழி. மின்நூலின் தொடக்கப் பகுதி பெரும்பாலும் இலவச மாதிரியாகக் கிடைக்கும், வாங்குவதற்கு முன் படித்துப் பாருங்கள். நாயகியைவிட அவள் தோழியைக் கவனியுங்கள். தோழிக்கென்று ஒரு வேலை, ஒரு கவலை, ஒரு பிடிவாதம் இருந்தால் அந்த எழுத்தாளருக்கு மனிதர்களைத் தெரியும். நாயகிக்கு அறிவுரை சொல்ல மட்டுமே தோழி வருகிறாள் என்றால் யோசியுங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் உணர்ச்சிவசப்பட்டு எழுதப்பட்டவை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பொறுமையாகச் சொல்வார்கள். எதிரிகள் காதலர்களாவது, போலிக் காதல் ஒப்பந்தம், பிரிந்தவர்கள் மீண்டும் சேர்வது, மெல்லக் கனியும் காதல் என்று இந்த நாவல்களை வாய்ப்பாட்டின் பெயரால் விற்பது இன்று வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள அது உதவும். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மீண்டும் சேரும் கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும், காரணம் அங்கே இருவருக்கும் ஒருவரின் குறை மற்றவருக்குத் தெரிந்தே இருக்கிறது, வியப்பு தீர்ந்த இடத்திலிருந்து காதல் தொடங்குகிறது.

படிக்கும் வேகத்தைப் பற்றி ஒன்று. இந்த நாவல்கள் வேகமாக ஓட வைக்கும்படி எழுதப்பட்டவை. அத்தியாயங்கள் குட்டையானவை, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும். கதைக்காக ஓடுங்கள், உரையாடல்களில் மட்டும் நின்று படியுங்கள். அவர்கள் பேசாமல் விட்டது அங்கேதான் இருக்கும். முடித்ததும் முதல் சந்திப்பு வரும் அத்தியாயத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். நல்ல நாவலில் அந்தச் சந்திப்பு இப்போது வேறொரு காட்சியாகத் தெரியும். அவன் ஏன் அப்போது அப்படி முரட்டுத்தனமாகப் பேசினான், அவள் ஏன் பெயரைச் சொல்லத் தயங்கினாள் என்பதெல்லாம் இப்போது விளங்கும். எதுவுமே மாறித் தெரியவில்லையென்றால் எழுத்தாளர் முடிவு தெரியாமலே எழுதத் தொடங்கியிருக்கலாம்.

கடைசியாக, முடிவை முதலிலேயே பார்ப்பது. தாராளமாகப் பார்க்கலாம். காதல் நாவல் என்று பெயர் போட்டு வரும் நூலில் முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் தன் வரையறையிலேயே வைத்திருக்கும் விதி. இருவரும் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்க்கும்போதே தெரிந்த விஷயம், எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்குத்தான் படிக்கிறோம். 2011-ல் ஜொனாதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் 12 சிறுகதைகளை வைத்து நடத்திய ஆய்வில், முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவுக்கும் வந்திருக்கின்றன. எனவே உங்கள் மனத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: நியூ அடல்ட் என்ற பெயரில் வருவதெல்லாம் காதல் நாவல் இல்லை. இந்த வயதினரைப் பற்றிய பொதுவான நாவல்களையும் வாசகர்கள் அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவற்றில் இருவரும் சேராமலே போகலாம், இறந்தும் போகலாம். மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் படிக்கிறீர்கள் என்றால் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

அப்படிப் புரட்டும்போது ‘ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு’ என்ற பின்னுரை ஒன்று கண்ணில் படும். திருமணம், குழந்தை, தோட்டம் வைத்த வீடு. அதைப் படிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில், வேலை உறுதியாகாமல், வாடகை பாக்கியோடு, ‘முயன்று பார்க்கலாம்’ என்று இருவரும் சொல்லிக்கொண்ட இடத்திலேயே அவர்களை விட்டுவர எனக்குப் பிடிக்கும்.